இருபத்தொன்பதில் நின்றவர்

ஐரோப்பாவுக்குப் போன இஸ்திரிக்காரருக்கு இருபத்தேழு வருஷம் வயது ஏறவில்லை. போய் இறங்கிய அன்று இருபத்தொன்பது, அதோடு சரி. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. போன முதல் மாதமே குடியுரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: தற்காலிக அனுமதியில் இங்கே கழிக்கும் ஆண்டுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட மாட்டா, குடியுரிமை கிடைக்கும் நாளில்தான் மொத்தமாகச் சேர்க்கப்படும். அவர் சொன்ன பேச்சைத் தட்டாத ஆள், உடம்பும் அப்படியே. முடி நின்றது, நகம் நின்றது, மோவாயிலிருந்த மூன்று நாள் தாடி மூன்று நாள் தாடியாகவே தங்கிவிட்டது. முடிவெட்டுகிறவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, ஆள் வேறு கடைக்குப் போகிறான் என்று முடிவுகட்டித் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். களைப்புக்கு மட்டும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது ஒரு நாள் விடாமல் ஏறிக்கொண்டே போனது.

வேலை ஒரு பெரிய ஓட்டலின் நிலவறைச் சலவைக்கூடத்தில். ஈர விரிப்பை ஒருவர் சூட்டு உருளைக்குள் கொடுப்பார், இவர் மறுபக்கம் நின்று பிடித்து மடிப்பார். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் விரிப்பு. அவர் மடித்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலா இடித்துக்கொண்டு போயிருக்கும். மூன்றாவது வருஷத்திலேயே நின்றபடி தூங்கப் பழகிவிட்டார். கண் மூடியிருக்கும், குறட்டை வரும், கை மட்டும் மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் மடித்தவைதான் இன்னும் நேராக இருந்தன என்று மேஸ்திரியே ஒப்புக்கொண்டார். "ராத்திரி யாரும் இல்லாதப்ப மூஞ்சியையும் உருளைல விட்டு எடுத்துக்கறான்யா. ஒரு சுருக்கம் இருக்கா பாரு," என்பார் அவர். அந்த மேஸ்திரி ஓய்வு பெற்றார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். உருளையை இரண்டு முறை மாற்றினார்கள். இவரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது வருஷம் மனைவி வந்து சேர்ந்தாள். இவர் கிளம்பும்போது அவளுக்கு இருபத்தாறு. வந்து இறங்கியபோது முப்பத்திரண்டு. விமான நிலைய வாசலில் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாண ஆல்பத்துலேருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கீங்க. நான் மட்டும் பஸ் பிடிச்சு வந்திருக்கேன்."

"தூக்கம்தான் இல்ல. மத்தபடி ஒண்ணுமில்ல," என்றார் அவர்.

அவளுக்குக் கொடுத்தது குடும்ப அனுமதி. அந்த வகை ஆண்டுகள் கணக்கில் சேரும். அதனால் அவள் ஒழுங்காக, ஒரு நாள் பாக்கியில்லாமல் வயதானாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள், மொழி கற்றாள், பரீட்சை எழுதினாள், குடியுரிமையும் வாங்கினாள். காய்கறிக் கடைக்காரர் முதலில் இவரை அவளுடைய தம்பி என்று நினைத்தார். அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பத்து வருஷம் கழித்து, "உங்க பையன்கிட்ட குடுத்து அனுப்பவா?" என்று கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கண்ணாடி முன் நின்று நரைமுடியை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். பின்னால் அவர் மூன்று நாள் தாடியோடு கட்டிலில் கிடந்தார்.

"கூடவே நரைக்க ஒரு ஆள் வேணும்னுதானேங்க கட்டிக்கிட்டேன். இப்படியே போனா நீங்க என்னைத் தூக்கிப் போட்டுட்டு இன்னும் நானூறு வருஷம் விரிப்பு மடிப்பீங்க."

அவருக்கு அந்த நானூறு வருஷத்தை நினைத்ததும் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மனைவி குடியுரிமை பெற்றிருந்தால் கணவனும் விண்ணப்பிக்கலாம், வருஷக் கணக்கே தேவையில்லை. விண்ணப்பித்தார். ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கவுண்டரிலிருந்த அம்மாள் புதுப்படத்தைக் கோப்பிலிருந்த முதல் வருஷப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அதே முகம், அதே தாடி. "பழைய படம் செல்லாது." நேற்று எடுத்தது என்று இவர் சொன்னார். எதிரிலேயே நிற்கிறேனே, பாருங்கள் என்றார். அம்மாள் பார்த்தார், படத்தைக் கோப்போடுதான் ஒப்பிட வேண்டும், ஆளோடு ஒப்பிட விதியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். இப்படி வருஷத்துக்கு ஒரு படம், வருஷத்துக்கு ஒரு நிராகரிப்பு. படம்பிடிக்கிறவர் ஒரு கட்டத்தில் காமிராவையே எடுக்காமல் பழைய பிரதியில் ஒன்றைக் கொடுத்து அனுப்பத் தொடங்கினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இருபத்துமூன்றாவது வருஷம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு நாற்பத்தொன்பது. கவுண்டர் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடித் தடுப்பின் ஓட்டையருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உறவுன்னு இருக்கிற இடத்துல மகன்னு எழுதிடுங்க. மகன்னா புதுக் கோப்பு, ஒப்பிட்டுப் பாக்கப் பழைய படமே இருக்காது. இன்னைக்கே முடிச்சுத் தரேன்."

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். இருபத்துமூன்று வருஷத்துக் களைப்பும் சேர்ந்து அந்தக் கையை அழுத்தியது. கவுண்டர் பலகையே கொஞ்சம் வளைந்ததாகச் சொல்வார்கள்.

"எழுதுங்க. காகிதம்தானே. யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

அவர் பேனாவை மூடி அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார். "இவ என் பொண்டாட்டிம்மா. நான் அடுத்த வருஷம் வரேன்," என்றார்.

திரும்பி வரும் வழியில், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் ஏழு பஸ் நிறுத்தம்வரை திட்டினாள். எட்டாவது நிறுத்தத்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இன்னும் மூன்று வருஷம், மூன்று நிராகரிப்பு. இருபத்தேழாவது வருஷம் அவர் போன அன்று கவுண்டர் அம்மாளுக்கு வேலையில் கடைசி நாள். அம்மாளின் தலையும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலேயே வெளுத்துப் போயிருந்தது. இனி யார் என்ன செய்துவிட முடியும் என்ற துணிச்சலில், பைக்குள்ளிருந்து சொந்தக் கைபேசியை எடுத்து, கதவைத் திறந்து வெளியே வந்து, இவரைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். அச்சடித்தார். "இன்று காலை பத்தேகாலுக்கு நானே எடுத்தேன்" என்று பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"எனக்கும் போதும்பா உன் மூஞ்சியைப் பாத்தது," என்றார்.

உறுதிமொழி எடுக்கும் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். கடைசி வரியை இவர் சொல்லி முடித்ததும் வருஷங்கள் வந்தன. முண்டியடிக்காமல், வரிசையாக, முதல் வருஷம் முதலில். முடி தோள்வரை இறங்கி, நரைத்து, உச்சியில் பாதி உதிர்ந்தது. பதினான்காம் வருஷம் விழுந்திருக்க வேண்டிய கடைவாய்ப் பல் உள்ளங்கையில் விழ, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வயிறு சரிந்தது, முழங்கால் சத்தம் போட்டது. பக்கத்து நாற்காலிப் பெண் தன் கைப்பையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதிகாரி எல்லாம் முடியும்வரை காத்திருந்து, கையெழுத்து எங்கே போடுவது என்று காட்டினார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மனைவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவருக்கு அது சரியாக இருந்தது.

அவர்கள் வீடு நான்காம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வலிக்குது?" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து.

"முழங்கால். அப்புறம் இடுப்பு. தோள்பட்டைகூட."

"எந்தத் தோள்?"

"ரெண்டும்."

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேல்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லி, ஒதுங்கிக் கீழே போனார்.