முதுகு காட்டிய வரவேற்பு

தடுப்புக்கம்பின் முன்னால் பய்யூமி மறுபடியும் தோள் மாற்றினான். தோளில் இருந்த சந்தூக்குப் பெட்டிக்குள், மொச்சை அவித்து விற்ற அவன் வாப்பாவின் உடல். விடியற்காலையில் மூச்சு நின்றவரைக் குளிப்பாட்டி, இறுதித் தொழுகை முடித்து, எடுத்து வந்தாயிற்று. அடக்கம் செய்ய வேண்டிய மையவாடி எதிரே தெரிகிறது. நடுவில் விமான நிலையம்.

"கம்பைத் தூக்குப்பா," என்றான் காவலனிடம்.

"உம்தா உத்தரவு. ராணுவ விமானம் எறங்கினப்புறம்தான்."

"மத்தியானமே எறங்கும்னீங்களே?"

"யுத்தம்யா. உங்க வாப்பா அவிச்ச மொச்சையா, சொன்ன நேரத்துக்கு எறக்க?"

விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகையும், ஆடு மேயும் வெட்டவெளியும்தான். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய சூட்டில், எண்ணெய் போட்டுக்கொள்ள ஆங்கிலேய விமானங்கள் இந்த நைல்கரை ஊருக்கு வருவதாகச் சேதி கிடைத்தது. ஊர்த்தலைவரான உம்தா ஆடுகளை விரட்டிவிட்டுக் கம்பளம் விரித்தார். இந்த வரவேற்புக்கு அரசாங்கத்தின் 'பே' பட்டம் உறுதி என்று மார்பில் பதக்கத்துக்கு இடம்கூட விட்டுவைத்திருந்தார். பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள், பாண்டு வாத்தியம், தொழவைத்த கையோடு இங்கே ஓடிவந்துவிட்ட இமாம்.

சந்தூக்கைக் கீழே வைக்கக் கூடாது. வீட்டுக்குத் திருப்பவும் கூடாது. திரும்பிவரும் மய்யித்து இன்னொரு ஆளைக் கூட்டிப்போகும் என்று உம்மா நடுங்குவாள். பொழுது சாய்வதற்குள் வாப்பாவை மண்ணில் சேர்த்தாக வேண்டும்.

ஜனாஸா ஊர்வலத்தைக் கண்ணால் பார்த்தவன் தோள் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் ஊர் வழக்கம். அதனால்தான் பெரியவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வடக்கு வானத்தை அவ்வளவு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உம்தா!" பய்யூமி கத்தினான். "ஓடியே கடந்துர்றோம், விடச் சொல்லுங்க!"

உம்தாவின் முதுகு பேசியது. "யாரு, பய்யூமியா? மனசு கேக்கலைப்பா. திரும்ப முடியலை, கழுத்துப் பிடிப்பு."

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு!" என்றான் பின்னால் சுமந்துகொண்டிருந்த சித்தப்பா மகன் தஸூகி.

"விருந்தாளி வர்ற நேரத்துல மய்யித்தைக் காட்டினா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"குண்டு போடப் போறவங்களுக்கு மய்யித்துன்னா பயமா?" என்றான் பய்யூமி.

முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பய்யூமிக்குப் பல் நறநறத்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது.

அப்போது இரைச்சல் கேட்டது. தெற்கிலிருந்து. பய்யூமியின் தலைக்கு மேலே, கொட்டகைத் தகரம் அதிர, விமானங்கள் தாழப் பறந்து வந்தன. மொத்த வரவேற்பும் ஒரே நேரத்தில் திரும்பியது.

திரும்பிய கண்களெல்லாம் சந்தூக்கில் முட்டி நின்றன.

உம்தா கழுத்தைத் தடவினார். வேலியோரம் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இமாம்தான் முதலில் செருமிக்கொண்டு நகர்ந்தார். காவலன் யாரும் சொல்லாமலே கம்பைத் தூக்கினான்.

விமானங்கள் வட்டமடித்து மறுகோடியில் இறங்கி நின்றபோது, கம்பளத்தின் மேல் இருந்தவர்கள், கையில் வாத்தியம் இருந்ததால் தப்பித்த பாண்டுக்காரர்கள் மட்டுமே. முதலில் இறங்கிய விமானி அவர்களைப் பார்த்தான். பிறகு ஒன்றுக்குப் போக அவசரமாக ஆளில்லாத வேலிப்பக்கம் ஒதுங்கினான்.

"கனமா இருக்காரேப்பா," என்று உம்தா சந்தூக்கின் அடியில் முனகினார்.

பய்யூமியின் இடத்தை இமாம் வாங்கிக்கொண்டிருந்தார். அவன் பின்னால் நடந்தான். வலது கை மட்டும் இன்னும் தோள் உயரத்திலேயே, எதையோ பிடித்தபடி இருந்தது.