ஸ்டெஃபாவுக்கு மட்டும் தலை வலிக்கவில்லை

காலையில் கிளம்பும்போதே மைரன் தன் மனைவியிடம் கேட்டுக்கொண்டான். இன்று ஒரு நாளாவது அக்கா வீட்டில் எதையும் கிளப்பிவிடாதே என்றான். ஸேனியா சரி என்று தலையாட்டினாள். மூன்று வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் விருந்தன்று, அடுப்பில் சொட்டிய வெண்ணெய் கருகிய வாடைக்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் அவள். அதிலிருந்து நாத்தனார் ஒரீசியா அவளுக்கு வைத்த பெயர் சைரன்.

தேவாலயத்தைச் சூடாக்கும் கொதிகலன் செவ்வாய்க்கிழமை நின்றுபோயிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்துநான்கு டிகிரி. சனிக்கிழமை விருந்துக்கு நூற்றைம்பது டஜன் பிரோஹிக் கொழுக்கட்டை பிடித்தாக வேண்டும். குளிரில் மாவு விறைத்தால் ஓரம் ஒட்டாது. கொதிநீரில் போட்டதும் உள்ளே வைத்த உருளைக்கிழங்கெல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டுக் கராஜில் செய்துவிடலாம் என்று ஒரீசியாதான் முன்வந்தாள். அவள் கணவர் நெஸ்டர் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, பலகைகளைப் போட்டு மேசையாக்கி, கட்டட வேலை செய்யும் நண்பனிடமிருந்து ஒரு ஹீட்டரை இரவல் வாங்கி வந்தார். மண்ணெண்ணெயில் ஓடும், பீரங்கி போல நீண்ட சாதனம். பெரிய கதவின் அடியில் பழைய கம்பளங்களைச் சுருட்டி அடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். மூன்று வாரத்துக்கு முன் அறுவை சிகிச்சை செய்த முழங்கால் அதற்குமேல் தாங்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு கராஜை ஒட்டிய அறையில் படுத்துவிட்டார். அவருக்கும் கொஞ்சம் சூடு போகட்டும் என்று நடுக்கதவை ஒரீசியா திறந்தே வைத்தாள்.

ஸேனியா உள்ளே நுழைந்தபோது ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டாள்.

"தெற. தெறந்துட்டு ஹீட்டருக்குப் பதிலா நீ உக்காந்துக்கோ," என்றாள் ஒரீசியா. "உன் பயத்துலயே இந்தக் கராஜ் சூடாயிடும்னு தெரிஞ்சிருந்தா, நெஸ்டர் இதச் சுமந்துட்டே வந்திருக்க மாட்டார்."

உதவிக்கு வந்திருந்த தேவாலயத் தோழிகள் மலான்யாவும் ஸ்டெஃபாவும் சிரித்தார்கள். ஸேனியாவும் சிரித்து வைத்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாவை வட்டமாக வெட்ட உட்கார்ந்தாள். ஆனால் கண் மட்டும் சுவர்களிலேயே அலைந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். நடைவழிச் சுவரில் இருக்க வேண்டிய, புகையோ விஷவாயுவோ வந்தால் கத்தும் எச்சரிக்கைப் பெட்டி குளிர்பதனப் பெட்டியின் மேல் மல்லாந்து கிடந்தது. வெங்காயம் வதக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று ஒரீசியா கழற்றியிருக்கிறாள். பேட்டரி வானொலிக்குப் போயிருந்தது. ஸேனியா பெட்டியைக் கையில் எடுத்தாள். வானொலியில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பேட்டரியை உருவிப் பாட்டை நிறுத்தினால் மூன்று பேரும் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள். மைரனுக்குக் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பதினோரு மணிக்கு மலான்யா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தாள். புதுக் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை, தலை பிளக்கிறது என்றாள். தனக்கும் காலையிலிருந்து வலிதான், வெங்காயம் நறுக்கினால் இப்படித்தான் ஆகும் என்று ஒரீசியா அலுத்துக்கொண்டாள். ஸேனியாவுக்கும் தலை வலித்தது. நெஞ்சு படபடத்தது. இது அவளுக்குப் பழக்கப்பட்ட படபடப்புத்தான். இப்படி வரும்போது செய்வதற்கென்று மனநல ஆலோசகர் ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். நான்கு எண்ணும்வரை ஆழமாக இழுக்க வேண்டும், நான்கு எண்ணி விட வேண்டும். மாவை வெட்டியபடியே இழுத்தாள், விட்டாள். பத்து தடவை செய்தாள். குறைவதற்குப் பதிலாகப் பார்வை ஓரங்களில் மங்கியது. எனக்கு ஏன் மற்றவர்கள் போல இருக்கத் தெரியவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அப்போது பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெஃபா வந்தாள். அரை மணிக்கு ஒரு சிகரெட் அவளுக்கு. ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் குளிரை உள்ளே விடாதே என்று ஒரீசியாவிடம் திட்டு வாங்குவாள். கன்னம் சிவந்து, பூட்ஸில் பனியோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?"

ஸேனியா கையிலிருந்த, மாவு வெட்டும் அச்சைக் கீழே வைத்தாள். "ஸ்டெஃபா, உனக்குத் தல வலிக்கலையா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு வலிக்கணும்?"

அவ்வளவுதான். வெங்காயத்தில் பாதியை நறுக்கியவளும் ஸ்டெஃபா, அடிக்கடி வெளியே போய் வருபவளும் அவள்தான். ஸேனியா மலான்யாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே ஓரம் மூடிய ஒரே பிரோஹியைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் அசைந்தன. முகத்தில் ஒன்றுமே இல்லை.

பெரிய கதவின் பொத்தான் ஐந்தடி தள்ளி இருந்தது. அந்த ஐந்தடியும் ஸேனியாவுக்குச் சேற்றில் நடப்பது போல இருந்தது. தட்டுகளில் எண்பது டஜன் காத்திருக்கிறது. தான் நினைப்பது தவறாக இருந்தால் எல்லாம் வீண். சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டுவார்கள். பொத்தானை அழுத்தினாள்.

டேப்பைக் கிழித்துக்கொண்டு கதவு முனகியபடி மேலே ஏறியது. குளிர் வெண்புகையாக உள்ளே சரிந்தது. ஸேனியா ஹீட்டரை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரீசியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? மாவு பூரா போச்சு. நெஸ்டர் அந்தக் காலோட..."

"வெளிய போ ஒரீசியா. அப்புறமா திட்டு. இப்ப போ."

ஒரீசியா இரண்டு எட்டு வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தோம் என்று புரியாதவள் போல விழித்தாள். ஸ்டெஃபா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. ஒரு கையில் அவளையும் மறு கையில் மலான்யாவையும் பிடித்து முற்றத்துப் பனிக்கு இழுத்துப் போனாள். தன் காரில் அவர்களை உட்காரவைத்து, அவசர எண்ணுக்குப் பேசினாள்.

ஸேனியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஸ்டர் படுத்திருந்த அறைக்குள் ஓடினாள். அவர் முகம் வெயிலில் நின்றவர் போலச் சிவந்திருந்தது. உலுக்கினாள், கூப்பிட்டாள், கன்னத்தில் அடித்தாள். வெகு நேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"மாட்டுக்குத் தீனி வச்சாச்சா?" என்று கேட்டார் நெஸ்டர். மாடுகளை விற்றுப் பதினோரு வருடமாகிறது.

மறுபடி கண் மூடிக்கொண்டது. போர்வையின் ஒரு முனையை ஸேனியா பிடித்து இழுத்தாள். அந்தப் பெரிய உடம்பு கட்டிலிலிருந்து தடாலென்று விழுந்தது. அதற்குள் ஸ்டெஃபா வந்துவிட்டாள். முழங்காலைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. இருவருமாக நடைவழியில் தரதரவென்று இழுத்து, முன்வாசல் படிகளில் இறக்கினார்கள். குளிர் முகத்தில் அறைந்ததும் நெஸ்டர் இருமினார். பிறகு வாந்தியெடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் ஸேனியா அழுதாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து அளந்தபோது கதவுகள் திறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதும் நெஸ்டரின் அறையில் கருவி விடாமல் கூவியது. திறந்தவெளி வேலைக்கான ஹீட்டரை அடைத்த கராஜில் ஓட்டுவதும், உள்ளே கார் இஞ்சினை ஓடவிட்டுக் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான் என்றார் அவர்களில் மூத்தவர். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்றார். ஸேனியா திரும்ப உள்ளே போனதற்காக அவளையும் கடிந்துகொண்டார். நாங்கள் வரும்வரை வெளியே நின்றிருக்க வேண்டும், நீங்களும் விழுந்திருந்தால் யார் இழுப்பது என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

மருத்துவமனையில் ஸ்டெஃபாவைத் தவிர நான்கு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் நெஸ்டரை எழுப்பியிருக்க முடியாது என்றார் மருத்துவர். ஒரீசியாவின் கட்டில் ஸேனியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்று விலக்கினாள்.

"நீ வந்ததும் வராததுமா கேட்ட," என்றாள். முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அடுத்த வாரமே மின்பணியாளர் வந்து கராஜின் கூரையோரம் மின்சார ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி, அதற்கென்று தனி ஒயரும் இழுத்துக் கொடுத்தார். கராஜுக்குப் பக்கத்து அறையில் ஒன்றும் படுக்கையறை வாசலில் ஒன்றுமாகப் புது எச்சரிக்கைப் பெட்டிகள் வந்தன. தேவாலயத்தில் பாதிரியார் ஸேனியாவை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. முன்பெல்லாம் பயம் வந்தால், இது வெறும் பயம்தான் என்று தன்னை அதட்டி உட்காரவைக்க முடிந்தது. இனி எந்தப் பயத்தை அப்படி அதட்டுவது? ஒரு முறை பயந்தது சரியென்று ஆகிவிட்டதே. மைரன் தும்மினாலும் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், பொழுது விடியும் முன்பே தொலைபேசி அடித்தது. ஒரீசியா.

"நாந்தான். நெஸ்டர் இன்னும் எந்திரிக்கல," என்றாள் தாழ்ந்த குரலில். "மூச்சு வருது. பக்கத்துல போய் பாத்துட்டேன். ஆனாலும்..."

"பெட்டியில பச்சை வெளக்கு எரியுதா?"

"எரியுது. நேத்து ராத்திரி ரெண்டு தடவ அமுக்கிப் பாத்தேன்."

"உனக்குத் தல வலிக்குதா?"

"இல்ல."

"அப்போ ஒண்ணுமில்ல. எழுப்பாத, தூங்கட்டும்."

ஒரீசியா தொலைபேசியை வைக்கவில்லை. ஸேனியாவுக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

"நான் வைக்கல," என்றாள். "அவர் எந்திரிக்கிற வரைக்கும் இருக்கேன்."

இரண்டு பேரும் பேசாமல் காதில் தொலைபேசியை வைத்தபடி இருந்தார்கள். ஏழு மணி தாண்டியபின், தூரத்தில் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. நெஸ்டர் தன் முழங்காலைத் திட்டும் சத்தம் கேட்டது.