கேட்டுக்கு வெளியே

கழிவுக் கேனை ஸ்வீட்டிதான் தூக்கிக் கொட்ட வேண்டும். மூன்று கல்லூரிகளுக்குப் பொதுவான ஆய்வுக்கூடம். இரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க எல்லோரும் வருவார்கள், ப்ளீச் ஊற்றிக் கழுவ ஒருவரும் வருவதில்லை. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் யாரோ தயிர்சாதம் வைத்திருந்தார்கள். விருதுநகரில் இந்தக் கூடத்தை அமைத்த நாளிலிருந்து அவள்தான் பொறுப்பாளர். பழகிய நாற்றம்தான்.

மேசையில் நாற்பத்திரண்டு உறைகள். எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலைப் பெண்களின் இரத்த அறிக்கைகள். இயந்திரம் அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்குள் ஓடவிடும். ஓர் அணுவுக்கு ஒரு புள்ளி திரையில் விழும். எந்தப் புள்ளிகளை எண்ணுவது என்று சுற்றிலும் கோடு போட வேண்டும். பதினொரு பேருக்குச் செத்துக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அதிகமாக இருந்தன.

நேற்று, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியர் சீனிவாசகம் முறுக்குத் தின்ற விரலால் திரையைத் தொட்டார்.

"ஓரத்துல கெடக்குறதெல்லாம் குப்பைம்மா. கோட்டை உள்ள இழு. ஆலைக்காரக குடுத்த மெஷினை வச்சு அவுகளுக்கே சூனியம் வைப்பியா?"

குப்பை இல்லையென்று அவளுக்குத் தெரியும். இருந்தும் இழுத்தாள். எல்லோருக்கும் 'இயல்பு' என்று வந்தது. அவர் விட்டுப்போன எண்ணெய்த் தடத்தை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தாள். துடைத்த கைதான் இழுத்த கையும்.

"என்ன டீச்சர், சாப்பிட்டீகளா?"

வள்ளித்தாய். மற்ற பெண்களையெல்லாம் பேசிப் பேசி இரத்தம் கொடுக்கச் சம்மதிக்க வைத்தவள். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கியது.

"ஆலை லீவு. அதான் மொத ஆளா வந்துட்டேன். அதென்ன, கோலம் மாதிரி புள்ளி?"

"உங்க ரத்தம்க்கா."

"சுத்தி வேலி?"

"கேட்னு பேரு. அதுக்கு உள்ள இருக்கிறதைத்தான் எண்ணும்."

வள்ளித்தாய் சிரித்துவிட்டாள். "அட, எங்க கம்பெனி மாதிரில்ல இருக்கு! செக்கிங் ஆபீசர் வாறாகன்னா, ரூல்ஸ்படி ரூமுக்கு நாலு பேரை விட்டுட்டு மிச்சவளுகளைப் பின்கேட்டு வழியா ஓடைக்குப் பத்தி விட்டுருவாக. எண்ணுனா சரியா இருக்கும். நாங்க முள்ளுக்குள்ள ஒக்காந்து தூக்குச்சட்டியைத் தொறந்துக்கிட்டுக் கெடப்போம். ஒங்க மெஷினுக்கும் ஆபீசர் வாறாரோ?"

ஸ்வீட்டி சிரிக்கவில்லை.

"கேலிக்குச் சொன்னேன் டீச்சர்."

ஸ்வீட்டி கோட்டை வெளியே இழுத்தாள், பழைய இடத்துக்கு. திரையின் மூலையில் சாகும் அணுக்களின் எண் எகிறியது.

"உறையில இருக்கிறது பொய்க்கா. நான்தான் கோட்டை உள்ள இழுத்தேன். உங்க ரத்தம் இயல்பா இல்ல. பெரிய டாக்டர்கிட்டக் காட்டணும்."

வள்ளித்தாயின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஊசி குத்துறப்ப, ஒளிக்காமச் சொல்லுவேன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டுச் சொன்னீக."

ஸ்வீட்டி அவள் உறையைத் தேடி எடுத்து முன்னால் வைத்தாள்.

"இன்னும் எம்புட்டுப் பேரு?"

"பத்து. பேரைச் சொல்லக் கூடாது. வந்தா அவங்கவங்ககிட்டச் சொல்றேன்."

வள்ளித்தாய் தன் உறையைச் செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல ஒற்றை விரலால் தள்ளினாள். "புதுசா அடிச்சிக் குடுங்க. எல்லாரையும் கூட்டியாறேன். அவளுக முன்னாடியும் இதே வாயால சொல்லணும், நான்தான் இழுத்தேன்னு."

"சொல்றேன்."

பேராசிரியர் கையெழுத்துக்கான இடத்தை அழித்துவிட்டு, ஸ்வீட்டி தன் பெயரை மட்டும் போட்டு அச்சிட்டாள். இரு கைகளாலும் தாளை நீட்டினாள்.

ஸ்வீட்டியின் விரல் படாத ஓரமாகப் பார்த்து வள்ளித்தாய் வாங்கிக்கொண்டாள்.