மூன்றாவது சுற்று

பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் இந்த நகரத்தில் எங்கெங்கே எவ்வளவு கிளம்புகின்றன என்று அளப்பது என் வேலை. வேனின் முன்னால் உள்ள குழாய் காற்றை உறிஞ்சும். நான் பின்னால் உட்கார்ந்து திரையில் எண்களைப் பார்ப்பேன். "ஊரைச் சுத்திக் காத்து வாங்க ஒரு சம்பளமா?" என்று அத்தான் ஒருமுறை எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐந்து மாதம் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பிறகு அக்காவின் தெருவே பட்டியலில் வந்தது. திங்களன்று அவள் வீட்டைத் தாண்டும்போது மீத்தேன் இரண்டிலிருந்து பதினேழுக்கு எகிறியது. செவ்வாயன்றும் அதே இடத்தில் அதே கதை. தரைக்கடியில் எரிவாயுக் குழாய் கசிந்தால் அப்படிக் காட்டும். சாக்கடையும் லாரிப் புகையும்கூட எண்ணை ஏற்றிவிடும் என்பதால், மூன்று நாளும் ஏறினால்தான் கசிவு என்று எரிவாயுக் கம்பெனிக்கு எழுதுவோம். இல்லாவிட்டால் எண்களை நீக்கிவிட வேண்டும்.

புதனன்று தெருமுனையில் திரும்பப் போகும்போது அக்கா வாசலில் நிற்பது தெரிந்தது. குத்திக்காட்டத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். வண்டியை நேராக விடச் சொன்னேன். டிரைவர் தயங்கினார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாயை அடைத்தேன். மாலையில் மூன்றாவது சுற்றுக்கு 'ஏற்றம் இல்லை' என்று பதிந்தேன். முதல் இரண்டு எண்களையும் என் கையாலேயே நீக்கினேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் காலை அத்தான் அடுப்பைப் பற்றவைத்தார். மண்ணில் வாசனையை இழந்து தரை வழியாக ஊறிவந்த வாயு சமையலறையில் தேங்கியிருந்தது. வீட்டின் பின்பாதி இடிந்து விழுந்தது. அத்தானை மூடிய பெட்டியில்தான் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் இரண்டு கைகளிலும் கட்டு. நான்தான் தண்ணீர் புகட்டினேன். இரண்டு நாளாக வேன் போவதைப் பார்த்துவிட்டு, அந்தப் புதனன்று என்னோடு சமாதானமாகிவிடலாம் என்றுதான் வாசலில் நின்றாளாம். அதைக் கோபமில்லாமல் சொன்னாள். அவள் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு எரிவாயுக் கம்பெனி ஆட்கள் வந்துபோனதைச் சொன்னாள்.

"கசிவே இல்லையாம், அத்தான்தான் அடுப்பைச் சரியா மூடலையாம். உங்க ஆபீஸ் அளவைக் காட்டுனாங்க. நான் என்னத்தைச் சண்டை போட? என் தங்கச்சி அளந்தா தப்பா இருக்காதுன்னு சொல்லிட்டேன். சரிதானேடி?"

உண்மை தொண்டை வரை வந்தது. வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போவேன் என்ற பயமெல்லாம் இல்லை. இவளும் என்னை விட்டுப் போய்விடுவாளே என்றுதான் பயந்தேன்.

"சரிதான்க்கா" என்றேன்.