ஒரே ஒரு பக்‌ஷாட்

1

இந்தக் கதையை என் அக்காவின் வாயிலிருந்து பிடுங்கினேன். அவள் வேட்டைத் தோட்டா விற்கும் கடை வைத்திருக்கிறாள். காலையில் தலை வாரிக்கொண்டே பாதி சொன்னாள். "அப்புறம்?" என்று கேட்டதற்கு, "அப்புறம் என்ன, எனக்கு நேரமாச்சு" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மீதியை நாமே எழுதிக்கொள்ளலாம், அது என்ன பெரிய வித்தையா என்று உட்கார்ந்தேன். வந்தது வினை.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்…’ (பெய்யவே இல்லை. அடித்துவிட்டேன்.)

‘துப்பாக்கி என்பது மனிதகுலத்தின்…’ (கட்டுரைப் போட்டியா நடக்கிறது?)

‘தையல்காரர் கடைக்குள் வந்தார்.’ சரி, இது போதும்.

2

தையல்காரர் கடைக்குள் வந்தார். அவரைப் பார்த்ததும், கல்லாவில் இருந்த அக்காவுக்கு முகம் மலர்ந்தது. மனைவி இறந்த பிறகு மனிதர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"வாங்கண்ணே! எங்க ஆளையே காணோம்? எட்டாம் நம்பர்தானே, எடுக்கட்டுமா?"

"இல்லம்மா. பக்‌ஷாட் ஒண்ணு குடு."

[இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நம்பர் தோட்டாவுக்குள் கடுகளவில் நூற்றுக்கணக்கான ஈயமணிகள் இருக்கும். சுட்டால் விரிந்து பறக்கும். காடைக்கும் புறாவுக்கும் அதுதான். பக்‌ஷாட் தோட்டாவில் மணிகள் சொற்பம். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. கலைமானை வீழ்த்தும் குண்டு என்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர். மானுக்கு, பன்றிக்கு, அந்த உடல்வாகு உள்ள எதற்கும். பறவையை இதால் சுட்டால் இறகுகூட மிஞ்சாது. தையல்காரர் வாழ்நாள் முழுக்கக் காடை மட்டுமே சுட்டவர்.]

"என்னண்ணே, பன்னியா?"

"ம்… பன்னிதான்."

"அப்ப ஒரு பெட்டியாப் போட்டுடறேன்."

"ஒண்ணு போதும்மா."

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. பன்றிக்குப் போகிறவன் யாரும் ஒற்றைத் தோட்டாவோடு போகமாட்டான். அடிபட்ட பன்றி ஓடாது, திரும்பிப் பாயும். இது வேட்டைக்காரர்களில் கற்றுக்குட்டிக்கும் தெரியும். கடைக்குள் வேறு யாருமில்லை. அவர் கண்ணாடி மேசைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

(அக்கா சொன்னது இவ்வளவுதான். இனி நான்.)

3

முதலில் தையல்காரரை வில்லனாக்கிப் பார்த்தேன். பங்காளித் தகராறு, பழிக்குப் பழி. ஒட்டவே இல்லை. ஏழைப் பிள்ளைகளின் சீருடைக்குக் காசு வாங்காமல் இரட்டைத் தையல் போட்டுத் தருகிறவரிடம் எந்தப் பங்காளி சண்டைக்கு வருவான்?

அடுத்து, நோயில் கிடக்கும் ஒரு கிழட்டு நாயை அவருக்குக் கொடுத்தேன். அதன் வேதனையை முடிக்கத்தான் தோட்டா. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ‘அவருக்கு ஏதுடா நாய்?’ என்று அக்கா காதுக்குள் கேட்டாள்.

ஆக, மிச்சமிருப்பது ஒன்றுதான். அதை நீங்களும் யூகித்துவிட்டீர்கள், அக்காவும் யூகித்துவிட்டாள். எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

முடிவு ஒன்று: அக்கா தோட்டாவைக் கொடுத்துவிடுகிறாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு…

முடிவு இரண்டு: அக்கா வாழ்க்கையின் அருமையைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறாள். அவர் தேம்பித் தேம்பி அழுகிறார். (சீச்சீ.)

பேனாவை மூடிவிட்டு, வெட்கத்தை விட்டுக் கடைக்கே போனேன்.

4

"சரக்கு தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கண்ணேன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய பக்‌ஷாட் பெட்டிகள். "மறுநாள் வந்தாரு. லாரி வரலன்னேன். அதுக்கப்புறமும் தினம் வராரு, நானும் தினம் ஒண்ணு சொல்றேன்."

"பெட்டியெல்லாம் அவர் கண்ணுல படாதா?"

"அவரென்ன குருடா? பார்த்துட்டுத்தான் சரிம்மாங்கறாரு."

"நேராக் கேக்க வேண்டியதுதானே?"

"கேக்காம இருப்பேனா? ‘அண்ணே, இது பன்னிக்கு இல்ல, எனக்குத் தெரியும்’னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. துப்பாக்கியக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்துடுங்கன்னேன், இன்னும் கொண்டாரல. அவர் மகளுக்குப் போன் போட்டுட்டேன். கிளம்பிட்டா. அவ வந்து சேர்ற வரைக்கும்…" அக்கா வாசலைப் பார்த்தாள். "பயமா இருக்குடா."

அப்போது தையல்காரர் உள்ளே வந்தார். நான் எழுதிவைத்ததைவிட ஒல்லியாக இருந்தார்.

"சரக்கு வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்லண்ணே. உக்காருங்க. இந்தப் பை ஜிப்பு பல்லைக் காட்டுது பாருங்க, கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்களேன்."

அவர் அலமாரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையை மடியில் வாங்கிக்கொண்டார்.

ஜிப் வேலை எவ்வளவு நேரம் தாங்கும்? நான் திரும்பி நின்று, என் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிய்த்தேன்.

"எனக்கும் ஒரு பட்டன், அண்ணே."

"குடுங்க தம்பி."

முடிவு கேட்காதீர்கள், எழுதமாட்டேன். மகள் இன்னும் வழியில்தான் இருக்கிறாள். உங்கள் வீட்டில் கிழிந்தது, பிரிந்தது, நைந்தது எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள். பட்டன் முடியப்போகிறது.