இரண்டு பேருக்கான படகு

“நயாகராவுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும். வான் ஒண்டு எடுத்தமெண்டா எல்லாரும் ஒண்டாப் போகலாம்.”

கலியாணம் முடிந்த அடுத்த கிழமை, மல்வேர்னில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறையில் நடந்த பேச்சு இது. கேட்டவள் பிரதீபா. பதில் சொன்னவர் அவளுடைய புது மாப்பிள்ளை ஜெயரட்ணம். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போவமா என்று கேட்பதற்காகத்தான் அவள் அந்தப் பேச்சையே தொடங்கினாள். ஆனால் ‘எல்லாரும்’ என்று சொல்லும்போது அந்த மனிதருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எத்தனை பேருக்குச் சாப்பாடு கட்டவேண்டும் என்று கேட்டாள். அந்த வீட்டில் அப்போது அவருடைய தம்பியும் இரண்டு கூட்டாளிகளும் பகல் வேலை, இரவு வேலை என்று மாறி மாறிப் படுத்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுத் தனியாகச் சந்தோஷப்படலாம் என்பது ஜெயரட்ணத்துக்குக் கனவிலும் தோன்றாது. வாடகைக்கு எடுக்கவிருந்த ஒரு வான் இரண்டாயிற்று. விடியவெள்ளென எழும்பி மணமகளே புட்டு அவித்தாள், கோழி பொரித்தாள். அந்தத் தேனிலவின் ஞாபகமாக ஒரு படம் இருக்கிறது. நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரிசையாகத் தலைகள். ஒரு அந்தத்தில் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை, மற்ற அந்தத்தில் யாருடையதோ மூக்கொழுகும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்.

அதற்குப் பிறகு பாரிஸிலிருந்து யார் வந்தாலும் நயாகரா, லண்டனிலிருந்து யார் வந்தாலும் நயாகரா. கோடையில் ஏரிக்கரையில் பாபிக்யூ. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒருமுறை ஒர்லாண்டோ, அதற்கும் மூன்று வாகனம். பிரதீபா அழுதுகொண்டு போனவள் அல்ல. கூட்டமும் கும்மாளமும் அவளுக்கும் பிடிக்கும்; கோழிப் பெட்டியை யார் காரில் வைப்பது என்ற சண்டையில் முன்னுக்கு நிற்பவளே அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கட்டத்தில், எல்லோருக்கும் தட்டு நீட்டி முடிந்த பிறகு, தூரத்தில் யாரோடோ சிரித்துக்கொண்டு நிற்கும் தன் புருசனைப் பார்ப்பாள். அந்த ஆளோடு ஒருக்கா ஆறுதலாகக் கதைக்க வேண்டும் என்று தோன்றும். பிறகு யாராவது தேத்தண்ணி கேட்பார்கள்.

ஜெயரட்ணம் பஸ் ஓட்டுகிறவர். குளிர்காலத்தில், கதவு பூட்டியபின் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் மறுபடி கதவைத் திறப்பார். நேரம் பிந்துகிறது என்று மேலதிகாரி கடிந்தாலும் கேட்கமாட்டார். “ஓடி வாற சனத்தை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வராது” என்பார். அந்தக் குணத்தில் விழுந்துதான் அவள் இந்த மனிதரை நேசிக்கத் தொடங்கினாள். அதே குணத்திடம் போய், மற்றவர்களை விட்டுவிட்டு என்னோடு மட்டும் வா என்று எப்படிக் கேட்பது? குறை சொல்லக்கூடிய புருசன் என்றால் ஒரு நாள் சண்டை பிடித்தே கேட்டிருப்பாள்.

மகள் துர்க்கா வேலை கிடைத்துத் தனியாகப் போய், பிறகு வாங்கிய ரூஜ் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்த சொந்தக்காரப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டிப் போனபின்தான் அந்தப் பழைய ஆசை மறுபடி அசைந்தது. அசைத்துவிட்டவள் ஒரு போர்த்துக்கீசப் பெண்மணி.

பிரதீபா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அந்தப் பெண்மணி தன் கணவரோடு வந்திருந்தார். வெளியே பனி கண் தெரியாமல் கொட்டிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் வெயில் கண்ணாடி வாங்கினார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், ஃபோனை எடுத்துப் போன வருடத்துப் படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டார். கரீபியன் கடலில் கிரெனடீன்ஸ் தீவுகள். சின்ன வெள்ளைப் பாய்மரப் படகு. படகோட்டும் கேப்டனும் சமைக்கிற ஒருத்தியும் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் இவர்கள் இரண்டு பேருக்கு ஒரு அறை, அவ்வளவுதான். காலையில் எழும்பிக் கட்டிலிலிருந்து நேரே கடலுக்குள் இறங்கலாம், தண்ணீர் குளிக்க வார்த்து வைத்ததுபோல இளஞ்சூடு. ஒரு கிழமை முழுக்க இந்த மனுசனை விட்டால் கதைக்க வேறு ஆள் இல்லை என்றார் அந்தப் பெண்மணி. முதல் இரண்டு நாளும் சண்டை, பிறகு வாய் ஓயவில்லையாம். பக்கத்தில் நின்ற கிழவர் காது கேளாதவர்போலக் கண்ணாடியைத் துடைத்தார்; ஆனால் சிரித்துக்கொண்டு துடைத்தார். அந்தச் சிரிப்பை பிரதீபா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அன்று சாப்பாட்டு மேசையில், ஃபோனில் தேடி எடுத்த அந்தப் படகின் படத்தை ஜெயரட்ணத்துக்குக் காட்டினாள். மாசி மாதம் லீவு எடுக்கலாமா என்று மட்டும் கேட்டாள். மிச்சம், படத்தைப் பார்த்தாலே விளங்குந்தானே என்று நினைத்தாள். ஒரு அறை, ஒரு கட்டில், இதைவிட எப்படித்தான் சொல்வது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். பாயைப் பார்த்தார், கயிறைப் பார்த்தார், சுக்கானைப் பார்த்தார்.

“வடிவான போட்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா சின்னன். இதுக்கை ஆர் ஆரை ஏத்துறது?”

அடுத்த நாள் காலை அவள் எழும்பி வரும்போது, ரெக்ஸ்டேலில் இருக்கும் தம்பி அன்புராசாவோடு அவர் ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தார். “உன்ர அண்ணி ஒரு அருமையான யோசினை கண்டுபிடிச்சிருக்கிறா, கேள்” என்று அவர் பெருமையாகச் சொன்னது படி இறங்கும்போதே கேட்டது. பெருமையாகச் சொல்கிற மனுசனை என்ன செய்வது? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

படகு வளரத் தொடங்கியது. அன்புராசாவும் மனைவி ரதியும் சேர்ந்ததும் இரண்டு அறைப் படகு. அவர்களுடைய பிள்ளைகளும் துர்க்காவும் சேர, ஒற்றை உடல் படகு போதாது, இரட்டை உடல் கட்டமரான்தான் சரி என்றாகிவிட்டது. “கட்டுமரம் எங்கட சொல்லு அண்ணை. எங்கட சாமானை எங்களுக்கே வாடகைக்கு விடுறாங்கள்” என்று அன்புராசா வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டான். அந்தக் குழுவுக்கு யாரோ ‘டைட்டானிக் வேண்டாம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு ரதியின் தமக்கை குடும்பம், பிறகு மொன்றியல் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம். இரண்டாவது கட்டமரான் வந்து முதலாவதன் பக்கத்தில் நின்றது.

திகதியிலும் ஒரு வாரம் இழுபட்டது. தைப்பூசம் தாண்ட வேண்டும், சிவராத்திரிக்கு முன்பு திரும்பிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடாதவர்கள் நான்கு பேர். அன்றைக்கென்று பார்த்துக் கேப்டன் தூண்டிலில் பெரிய மீனைப் பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். தீவில் படகு வாடகைக்குக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள், எல்லோரையும் டார்லிங் என்று கூப்பிடுகிறவள். அவளுக்கு ஜெயரட்ணமே ஃபோன் எடுத்து, தங்களுடைய பெரிய ரைஸ் குக்கரைப் படகின் மின்சாரத்தில் கொழுவலாமா என்று விசாரித்தார். பற்றரி தாங்காது, எங்கள் சமையற்காரி சோறு வைப்பாள் என்று அவள் சொல்ல, எத்தனை பேருக்கு வைப்பாள், எத்தனை தரம் போடுவாள் என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பக்கத்தில் அவள் சிரித்த சிரிப்பில் இந்தப் பக்கத்தில் பிரதீபாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, இரண்டு பேருக்கான அந்தச் சின்னப் படகு இன்னும் வாடகைக்கு இருக்கிறதா என்று தன் ஃபோனில் பார்த்தாள். இருந்தது. வேலையில் தேநீர் இடைவேளையிலும் பார்த்தாள், பஸ்ஸில் வரும்போதும் பார்த்தாள். யாராவது எடுத்துவிட்டால் அதோடு ஆசையும் முடிந்துவிடும், கேட்க வேண்டிய கஷ்டமும் போய்விடும். ஒவ்வொரு முறையும் அது இருந்தது.

முடிவெடுப்பதற்கென்று சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ரூஜ் வீட்டில் கூடினார்கள். வாசலில் சப்பாத்துக்கள் மலைபோலக் குவிந்து, கரைந்த பனி கம்பளத்தில் ஊறியது. வீட்டுக்குள் மட்டன் ரோல்ஸ் மணந்தது. துர்க்கா தன் கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தியிருந்தாள். திரை முழுக்க நீலம், நடுவே இரண்டு கட்டமரான்கள். வழக்கம்போல ஆம்பிளைகள் சோபாப் பக்கம், பெண்கள் சாப்பாட்டு மேசைப் பக்கம் என்று வீடு தன்பாட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதை யாரும் சொல்லிச் செய்வதில்லை.

அலுவலகத்துப் பெண் துர்க்காவின் ஃபோனில், ஸ்பீக்கரில், காத்திருந்தாள். மேசை நடுவில் வைத்த ஃபோனிலிருந்து அவளுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவுவது கேட்டது. யார் யார் எந்த அறை என்பது மட்டும்தான் பாக்கி. குழந்தை உள்ளவர்கள் முன் அறை கேட்டார்கள், கடல் கொந்தளித்தால் சத்தி எடுப்பவர்கள் நடுவில் கேட்டார்கள், ரதியின் தமக்கை கழிவறைக்குக் கிட்ட கேட்டாள். யாருக்கும் சரிவரவில்லை. அப்போதுதான் அன்புராசா எழும்பி நின்று கையைத் தட்டினான்.

“இதுக்கேன் இவ்வளவு கரைச்சல்? ஆம்பிளையள் ஒரு போட், பொம்பிளையள் ஒரு போட். நாங்கள் விடிய விடியக் காட்ஸ் விளையாடலாம், அவையளுக்கும் நித்திரை குழம்பாது.”

எல்லாப் பக்கத்திலிருந்தும் நல்ல யோசினை, நல்ல யோசினை என்ற குரல்கள். ஒரு கிழமை குறட்டை கேட்காமல் படுக்கலாம் என்று ரதி கையெடுத்துக் கும்பிட்டாள். மேசைப் பக்கமெல்லாம் சிரிப்பு. பிரதீபா சோபாப் பக்கம் பார்த்தாள். ஜெயரட்ணம் கையில் ஒரு ரோல்ஸை வைத்துக்கொண்டு, மிகுந்த சந்தோஷத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும், அவளுக்குக் குறை வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், கூட்டத்துக்கு மேலால் சத்தமாகச் சொன்னார்:

“யோசிக்காதையும். பின்னேரத்தில ரெண்டு போட்டும் பக்கத்திலதான் நிக்கும். கையைக் காட்டலாம்.”

பிரதீபாவுக்கு அது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. வெயில் சாய்கிற நேரம், உலகத்தின் மிக அழகான கடல், அந்தப் படகின் நுனியில் அரைக்காற்சட்டையோடு அவளுடைய புருசன், இந்தப் படகின் நுனியில் பூப்போட்ட சட்டையோடு அவள், நடுவில் இளஞ்சூட்டுத் தண்ணீர். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள். ஆட்டிவிட்டு அவர் சீட்டாட உள்ளே போகிறார்.

முதலில் வந்தது சிரிப்புத்தான். வயிற்றிலிருந்து கிளம்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள், கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்திலிருந்த ரதி என்னக்கா, என்னக்கா என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தது நாக்கு நுனிக்கு வந்திருந்தது. கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. இந்த மனிதர் மீது வெறும் ஆசைதான் இருந்தது. ஐஸ்பெட்டியோடு நின்ற நாளில் இருந்த அதே ஆசை, கொஞ்சம் கொழுத்து, நரைத்து.

துர்க்கா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள். “அப்பா, அவ வெய்ட் பண்ணுறா. ஃபைனல் நம்பர் வேணுமாம். ஹௌ மெனி?”

ஜெயரட்ணம் வாய்நிறைய ரோல்ஸோடு சோபாவில் இருந்தவர்களை எண்ணத் தொடங்கினார். பிரதீபா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். மேசைப் பக்கத்திலிருந்து சோபாப் பக்கம் வரை நடந்து போய், காற்பெருவிரல்கள் கம்பளத்தில் ஊன்ற, அவருக்கு முன்னால் நின்றாள். அன்புராசா மரியாதையாகக் காலை மடக்கி வழி விட்டான்.

“இஞ்சாருங்கோ” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “நான் அந்தச் சின்னப் போட்டைக் காட்டினது உங்களோட தனியாப் போகத்தான். கலியாணம் கட்டின கிழமையில இருந்து கேக்கவேணும் எண்டு இருக்கிறன். எனக்கு வேற ஒருத்தரும் வேண்டாம். நீங்களும் நானும் மட்டும் போவம்.”

ரதியின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். ஜெயரட்ணத்தின் காதுகள் சிவந்தன. சிவப்பு நெற்றிக்கு ஏறி, மயிர் உதிர்ந்த உச்சி வரை போனது. அவர் மென்று விழுங்கப் பார்த்தார். விழுங்க முடியவில்லை. ஃபோனிலிருந்து அந்தப் பெண் ஹலோ, டார்லிங், எத்தனை பேர் என்று மறுபடி கேட்டாள், சேவல் கூவியது. அவர் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையிலிருந்த ரோல்ஸை மற்றக் கைக்கு மாற்றி, மேசைமேல் கிடந்த அந்தக் கண்ணில்லாத ஃபோனை நோக்கி, எண்ணெய் மினுங்கும் இரண்டு விரல்களை மெல்ல உயர்த்தினார்.