குடிலுக்குள் படுத்த பூனை

நாலாவது தடவையாகத் தேவசகாயம் பூனையைக் குடிலுக்குள்ளிருந்து தூக்கி வெளியே போட்டபோது, அது சும்மா போகவில்லை, ஒரு ஆட்டையும் வாயில் கவ்விக்கொண்டு போனது. மண் ஆடுதான். அவன் பெண்சாதி மேரி நாலு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் திருவிழாக் கடையில் பேரம் பேசி வாங்கின ஏழு ஆடுகளில் ஒன்று. அவன் பின்னாலேயே ஓடி, கிணற்றடியில் மடக்கி, அதன் வாயிலிருந்து ஆட்டைப் பிடுங்கினான். ஆட்டுக்குக் காது போயிருந்தது. பூனையோ ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டிருந்தது. "அடப்பாவி, உன்னை வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று அதனிடமே கேட்டான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழே நாள்.

ரயில்வே ஸ்டிரைக் நடந்த வருஷத்து டிசம்பர் அது. தேவசகாயம் செங்கல்பட்டில் கேங்மேன். சம்மட்டியைக் கொடுத்தால் தண்டவாளத்தையே நிமிர்த்துவான், பஞ்சையும் வைக்கோலையும் கொடுத்தால் முழி பிதுங்கிப்போவான். குடில் கட்டுவதெல்லாம் இருபது வருஷமாக மேரியின் வேலை. அவள் கட்டுகிற குடிலைப் பார்க்கக் காலனி முழுக்க வரும், இந்துக் குடும்பங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும். மலை, மாட்டுக்கொட்டகை, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், டப்பா மூடிகளில் முளைக்கப் போட்ட கேழ்வரகு நாற்றில் ஒரு வயல். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு முறுக்கு உண்டு. அன்றைக்கு மேரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகாராணிதான்.

அதெல்லாம் அவளுக்கு அந்த நோய் வருகிற வரைக்கும். முதலில் முதுகில் தேமல் என்றார்கள். பிறகு விரலில் உணர்ச்சி இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் பேரைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேர் காலனிக்குள் வந்த அன்றைக்கே குழாயடியில் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். கருங்குழியில் கட்டிக்கொடுத்த மகள் லதாவை அவள் புருஷன் வீட்டார் அனுப்பவில்லை. மேரி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. பஸ்ஸில் ஏறினால் அரைமணிதான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் லீவு கொடுத்திருந்தார்கள். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் வருகிறாள்.

மாதா கோயில் உபதேசியார் மோசஸ்தான் யோசனை சொன்னார். "குடில வையி, தேவசகாயம். இருவத்திநாலு சாயங்காலம் ஏழு மணிக்கு பஜனைக் கோஷ்டிய நானே கூட்டியாறேன். குடில் இருக்கிற வூட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு எவன் சொல்றான் பாக்குறேன்." அதைக் கேட்டதிலிருந்து தேவசகாயத்துக்கு வேறு நினைப்பே இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குள் வர வேண்டும், மேரி அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கத்தில்கூட மலைக்கு எந்தப் பக்கம் பாதை விடுவது என்று முனகியதாகப் பக்கத்து வீட்டுச் செல்வராஜ் சொன்னான்.

ஆனால் பூனை விட்டால்தானே! ஈஸ்டருக்குப் பத்து நாள் வந்திருந்தபோது மேரியே பையில் போட்டுக்கொண்டு வந்த குட்டி அது. சாம்பல் நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. "ஆஸ்பத்திரில குடுத்தாங்கய்யா. நல்லா வளத்து வையி. எங்கயும் தொலைச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவன் போய் நின்றதும் முதல் கேள்வி, "பூனை எப்டி கீது?" என்பதுதான். ஸ்டிரைக்கில் அவனைப் பிடித்து உள்ளே வைத்து வெளியே விட்ட வாரத்தில்கூட அதைத்தான் முதலில் கேட்டாள். அன்றைக்கு அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாள்?

அந்தப் பூனை இப்போது வளர்ந்து முழுப் பூனையாகிக் குடிலைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. கேழ்வரகு நாற்றைப் பாதி தின்று மீதியில் புரண்டது. பஞ்சுப் பனியைக் கூரைமேல் ஏறிப் பிய்த்தது. மூங்கில் பிளாச்சில் காகிதம் ஒட்டிக் கட்டின நட்சத்திரத்தின் வாலைத் தொங்கித் தொங்கி அறுத்தது. குழந்தை இயேசுவை இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் முன்னணையில் வைப்பது வழக்கம், அதுவரை அது காலியாகத்தான் இருக்கும். காலியான வைக்கோல் மெத்தையை எந்தப் பூனைதான் விடும்? ஒரு பக்கம் மரியாள், ஒரு பக்கம் சூசையப்பர், நடுவில் இது சுருண்டு படுத்துக் குறட்டை விட்டது. மிளகாய்த்தூளைத் தூவிப் பார்த்தான். அவனுக்குத்தான் தும்மல் வந்தது.

செல்வராஜ் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மலையை மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாத்த, இதுக்கு உள்ள இன்னா வெச்சிகிற?" என்றான்.

"கூடைதான். மார்க்கெட்ல சும்மா கெடந்துச்சி. நாலு கூடையைக் கவுத்து மேல காயிதம் ஒட்னேன்."

"அது கருவாட்டுக் கூடை அண்ணாத்த! கருவாட்டுக் கூடையில மலை கட்டினா பூனை வராம இன்னா, போப்பாண்டவரா வருவாரு?"

தேவசகாயத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே மலையைப் பிரித்து, செங்கல்லை அடுக்கி, புதுக் காகிதத்தில் கரியும் நீலமும் பூசி மைதாப் பசையால் ஒட்டினான். மறுநாள் காலையில் பார்த்தால் பூனை பசைக்காக மலையை நக்கிக்கொண்டிருந்தது. செல்வராஜ் ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டான். "பேஜாரு புடிச்ச பூனை. கிட்டத்துல வுட்டா திரும்பி வந்துடும். மாவலிவரம் கடக்கரையில கொண்டும்போய் வுட்டுட்டு வா. மீன் துன்னுட்டு அதும்பாட்டுக்கு ராஜாவாட்டம் இருக்கும்" என்றான்.

ஒரு ராத்திரி யோசித்தான். மேரி கேட்பாள். கேட்டால் கேட்கட்டும், பொங்கலுக்குள் வேறு குட்டி பிடித்துத் தரலாம், பஜனைக் கோஷ்டி இன்னொரு தடவை வருமா? மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் சாக்கோடு மாமல்லபுரம் போனான். கட்டுமரங்கள் கரையேறியிருந்த இடத்தில் சாக்கை அவிழ்த்தான். பூனை ஓடவில்லை. மணலில் நின்று அவனைத்தான் பார்த்தது. "போ ராசா, உனக்கு இங்க தெனம் விருந்துதான்" என்றான். அது அவன் காலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீன் வாசம் வந்த பக்கமாகப் போனது. திரும்பி வருகிற பஸ்ஸில் காலிச் சாக்கை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். டூட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று நினைத்து மனசை மாற்றிக்கொண்டான்.

அதற்கப்புறம் குடில் குடிலாக நின்றது. இரண்டாம் தடவை போட்ட நாற்றும் பச்சையாக எழும்பியது. மச்சில் மட்டும் ராத்திரியெல்லாம் தடதடவென்று ஓட்டம். ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வரிசை வீடுகளில் எலிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஒரு காலையில் மலையடிவாரம் ஒரு சாண் அளவுக்குக் கொறிபட்டிருந்தது. இவ்வளவுதானே என்று அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டினான்.

மேரி வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, தெருவைப் பார்க்காமல் நடந்து வந்தவள், வீட்டுக்குள் நுழைந்து குடிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "நீயா கட்ன?" என்றாள். "பின்ன யாரு கட்னா? செல்வராஜா?" என்றான் தேவசகாயம். அவள் சிரித்தாள். ஒன்றேகால் வருஷத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பு. சூசையப்பரைச் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறாயே, அவர் என்ன கோபித்துக்கொண்டாரா என்று கேட்டாள். பஜனைக் கோஷ்டி வருகிறது என்று அவன் சொன்னபோது, "வூட்டுக்குள்ளயா? மெய்யாலுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்புறம் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள். கட்டிலடியில் குனிந்து பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"பூனை எங்கய்யா?"

"அது இன்னாமே, குடில நாஸ்தி பண்ணிகினே இருந்திச்சி. மாவலிவரத்துல வுட்டுட்டேன். ஒனக்கு வேற குட்டி புடிச்சித் தரேன், பொங்கலுக்குள்ள..."

மேரி கீழே உட்கார்ந்தாள். பிறகு புடவைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து முன்னால் நீட்டினாள். மோதிர விரலில் நுனி இல்லை. ஈஸ்டரின்போது அதில் கட்டுப் போட்டிருந்தது. வெந்நீர் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

"இது வெந்நி இல்லய்யா" என்றாள். "எலி."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை.

"தூங்கினு இருந்தேன். கடிச்சது எனக்குத் தெரியல. காலைல படுக்கையெல்லாம் ரத்தம். பக்கத்து பெட்டுப் பொம்பளை கத்தினப்பறம்தான் கையைப் பாத்தேன். இதுக்குன்னுதான் லீவுல போறவங்களுக்கெல்லாம் ஒரு பூனை குடுக்கறாங்க. பக்கத்துலயே படுக்க வெச்சிக்கச் சொல்லி."

"எங்கையில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, மேரி?"

"இன்னான்னு சொல்றது? ஒம் பொண்டாட்டிய எலி துன்னுதுன்னா?"

தேவசகாயம் மச்சை அண்ணாந்து பார்த்தான். ராத்திரியெல்லாம் மச்சில் கேட்ட ஓட்டம் காதுக்குள் ஓடியது. கொறிபட்ட இடத்தில் காகிதம் ஒட்டினவன்தானே நான் என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். "நான் முழிச்சிகினு ஒம் பக்கத்துலயே குந்திக்கறேன்" என்றான்.

"அஞ்சு ராத்திரியுமா? வெள்ளன ஒனக்கு டூட்டி கீது. வுடு, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து போய்ச் சூசையப்பரைத் திருப்பி வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துத்தான் அவளால் அதைத் தூக்க முடிந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் ஆறுதல் சொன்னதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "ஏழு மணிக்குள்ள வந்துர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போது ஐந்து மணி ஆகிவிட்டது. கரையில் எங்கே பார்த்தாலும் பூனை. வலைக் குவியல்மேல் பூனை, கட்டுமரத்துக்கு அடியில் பூனை, கருவாடு காய்கிற இடத்தைச் சுற்றிலும் பூனை. சாம்பல் நிறத்தில் மட்டும் ஒரு டஜன் இருக்கும். எல்லாவற்றின் காலையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தான். கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த ஆதியம்மாள் என்கிற கிழவி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தேடற?"

"பூனைம்மா. சாம்பல் கலரு. முன்னங்காலு வெள்ளை. நாலு நாளைக்கி முன்னால வுட்டுட்டுப் போனேன்."

"வுட்டவன்லாம் திரும்பி வந்து கேட்டா நான் எங்க போவேன்? பேர் சொல்லிக் கூப்புடு, வருதான்னு பாப்போம்."

அவன் அதற்குப் பேர் வைக்கவில்லை. மேரி ஒரு பேர் வைத்திருந்தாள், என்னவோ ஒரு பேர், போகும்போதெல்லாம் சொன்னாள், அவன்தான் காதில் வாங்கவில்லை. "ப்பூ ப்பூ" என்று கூப்பிட்டான். இருபது பூனைகள் திரும்பிப் பார்த்தன. தூரத்தில் ஒரு கட்டுமரத்தின் மேல் நின்ற ஒன்றுக்குக் கால் வெள்ளையாகத் தெரிந்தது. ஓடினான். அது அவனை நின்று பார்த்தது, அதுவேதான் என்று அவனுக்குத் தோன்றியது. கையெட்டும் தூரம் வந்ததும் ஒரே தாவலில் தாழம்புதருக்குள் போய்விட்டது. முள்ளுக்குள் கையை விட்டுத் துழாவினான். கெஞ்சினான். "வா ராசா, தப்புதான், வந்துடு" என்று புதரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டுக்குத்தான்.

கடைசியில் ஆதியம்மாளின் கூடையோரமாக மீன் குடலைத் தின்றுகொண்டிருந்த ஒரு கடுவன் பூனையைப் பாய்ந்து பிடித்தான். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது, மனுஷக் கையே படாத ஜாதி. அவிழ்த்து விட்ட மறு நிமிஷம் ஓடிப்போகும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். கட்டிப் போட்டாவது இன்றைக்கு ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் இருக்கட்டும். "அது வேணாம், கொதறிடும்" என்று கிழவி கத்தினாள். அவன் அதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஏழு மணி ஆகியிருக்கும். இந்நேரம் கோஷ்டி வாசலுக்கு வந்திருக்கும், அல்லது வராமல் போயிருக்கும். வந்திருந்தால் மேரி தனியாக நின்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வாங்க என்று சொல்லியிருப்பாள். வராமல் போயிருந்தால் குடிலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள், தலைக்கு மேல் மச்சில் ஓட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இந்த பஸ் இதைவிட வேகமாகப் போகப்போவதில்லை.

பூனை முண்டியது, உறுமியது, கடித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் டார்ச்சை அவன்மேல் அடித்துப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"யோவ், கையெல்லாம் ரத்தமா கீது! தெரியலயா ஒனக்கு?"

"தெரியுதுங்க" என்றான் தேவசகாயம்.

"பின்ன வுட்டுத் தொலையேன்யா அத்த!"

அவன் தலையை ஆட்டினானே தவிர விடவில்லை. பூனை மறுபடியும் நகத்தை இறக்கியது. முழங்கைக்குக் கீழே ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று ஒவ்வொரு நகமும் தனித்தனியாக இறங்கி எரிந்தது. அவன் கையை எடுக்காமல், ஒவ்வொன்றையும் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.